மறுக்கும் பொறியியலாளருக்கு யார் துணை?

2020 செப்டெம்பர் 20, ஞாயிறு அதிகாலை. கண்டி, பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது. அந்த வீட்டில் இருந்த கணவன், மனைவி, பிறந்து சில வாரங்களேயான அவர்களது குழந்தை மூவரும் மாண்டார்கள். அவர்கள் கட்டாத கட்டடம் ஒன்று அவர்கள் உயிரைக் குடித்தது.

அடுத்த சில நாள்களுக்கு நகரெங்கும் அதே பேச்சு. பிளான் வரைந்தது யார், அனுமதி கொடுத்தது யார், கையெழுத்து வைத்தது யார்? மூன்றும் நியாயமான கேள்விகள். கண்டியில் ஒரு நிர்மாண உசாத்துணை நிறுவனத்தில் பொறியியலாளராக வேலை செய்கிற எனக்கு நான்காவதாகவும் ஒரு கேள்வி உண்டு. மலைநாட்டில் ஒரு கட்டடம் எழும்போது, “இந்த இடத்தில் கட்டாதீர்கள்”, “இதற்கு மேல் ஒரு தளம்கூட ஏற்றாதீர்கள்” என்று சொல்லும் பொறுப்பு யாருக்கு இருக்கிறது? அப்படிச் சொன்னவர் அதன் பிறகும் தொழிலில் நிலைக்க முடிகிறதா?

உசாத்துணை நிறுவனம் என்றால் பிளான் வரைந்து கொடுக்கும் இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எங்களைப் போன்ற அலுவலகங்கள் பல, ஒரு வீட்டின் மேல்மாடியிலோ கடைத்தொகுதியின் பின்பக்கத்திலோ இயங்குகின்றன. ஒரு பட்டயப் பொறியியலாளர், ஓரிரு இளம் பொறியியலாளர்கள், ஒரு கட்டடக்கலைஞர், படவரைஞர்கள், சைட்டில் எல்லோரும் கியூஎஸ் என்றே அழைக்கும் கணிய அளவையாளர். இவ்வளவுதான் ஆட்கள். காணியைப் பார்ப்பது, நில அளவைப் படம் எடுப்பிப்பது, மண்ணைச் சோதிப்பிப்பது, கட்டமைப்பைக் கணக்கிடுவது, செலவு விவரப் பட்டியல் தயாரிப்பது, கேள்விப்பத்திரம் கோருவது, வேலை நடக்கும்போது மேற்பார்வை செய்வது, ஒப்பந்தக்காரரின் பில்லைச் சரிபார்த்துச் சான்றளிப்பது என்று வேலை நீள்கிறது. இதில் படம் வரைதல் ஒரு பகுதி மட்டுமே. உயிர்களைக் காப்பது பெரும்பாலும் மற்றப் பகுதிகள்தான். வாடிக்கையாளர் முதலில் வெட்டச் சொல்வதும் அவற்றைத்தான்.

கண்டியில் காணி பார்க்கப் போவது, கொழும்பில் பார்க்கப் போவதைப் போன்றதன்று. இங்கே பத்துப் பேர்ச் துண்டு ஒன்றுக்கு மேலே ஒருவர் சரிவை வெட்டி வீடு கட்டியிருப்பார். கீழே இன்னொருவரின் கூரை எங்கள் பாத மட்டத்துக்குக் கீழ் இருக்கும். அம்பிட்டியவிலும் ஹந்தானையின் அடிவாரத்திலும் கட்டுகஸ்தோட்டைக்கு மேலுள்ள மேடுகளிலும் இதுவே நிலை. பழகிய கண் முதலில் கட்டப்போகிற இடத்தைப் பார்ப்பதில்லை, சுற்றுப்புறத்தைப் பார்க்கிறது. சரிவில் நிற்கும் மரங்களின் அடி வளைந்திருக்கிறதா, பழைய தாங்குசுவர் வயிறு தள்ளி நிற்கிறதா, அதன் வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, மழை ஓய்ந்த பின்னும் எங்காவது ஊற்று கசிகிறதா என்று பார்க்கிறோம். மலசலகூடக் குழியின் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறோம். பக்கத்து வீட்டில் நீண்டகாலம் வாழ்ந்த மூத்தவர்களிடம் பேசினால், எந்த அறிக்கையிலும் இல்லாத செய்திகள் கிடைக்கும். எந்த ஆண்டு மதில் விழுந்தது, எந்தப் பக்கம் நிலம் வெடித்தது என்பதெல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும்.

பிறகு மண். கண்டியைச் சுற்றியுள்ள மலைகள் மிகப் பழைமையான உருமாறிய பாறைகளால் ஆனவை. அந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் உக்கி, பல மீற்றர் ஆழத்துக்குச் செம்மண்ணாக மாறியிருக்கிறது. அந்த மண்ணுக்குள் உக்காத பாறை உருண்டைகள் புதைந்து கிடக்கும். துளையிடும்போது அப்படி ஓர் உருண்டையில் முட்டிக்கொண்டு, அடிப்பாறை வந்துவிட்டது என்று நம்பினால், அத்திவாரமே பிழைத்துவிடும். ஆகவே ஒரு துளை போதாது. 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 76 சென்டிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாய் 30 சென்டிமீற்றர் இறங்குவதற்கு எத்தனை அடி வேண்டும் என்று ஒவ்வோர் ஆழத்திலும் எண்ணுகிறோம். இதற்கு ஆகும் செலவைச் சொன்னவுடன் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றே: “பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் பார்க்காமல்தான் கட்டினார், நன்றாகத்தானே நிற்கிறது?”

நன்றாக நிற்கிறது, உலர்ந்திருக்கும் வரை. கடற்கரையில் பிள்ளைகள் கட்டும் மணல்வீடு சிறிதளவு ஈரத்தில் செங்குத்தாக நிற்கும். அலை வந்து நனைத்ததும் கரைந்துவிடும். எங்கள் செம்மண் சரிவும் இப்படித்தான். துகள்களுக்கிடையே இருக்கும் சிறு ஈரம் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தொடர்மழையில் இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பி அழுத்தம் ஏறும்போது, அந்தப் பிடி விட்டுப்போகிறது. ஐந்து வருடம் செங்குத்தாக நின்ற வெட்டு ஆறாம் வருடம் ஓர் இரவில் இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

மண்ணின் இந்த நடத்தையை உலகத்துக்கு விளக்கியவர்களில் ஒருவர் நம்மவர் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டும். பேராசிரியர் அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். களிமண் எந்த நிலையில் நெகிழ்ந்து கொடுக்கிறது என்பது பற்றி ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1963 இல் ஜியோடெக்னிக் ஆய்விதழில் வெளிவந்தது. இன்று உலகெங்கும் மண்பொறியியல் மாணவர்கள் படிக்கும் கோட்பாட்டின் அடித்தளங்களில் அதுவும் ஒன்று. அவர் திரும்பிவந்து பேராதனைப் பொறியியற் பீடத்தில் கற்பித்தார், அதன் பீடாதிபதியாகவும் இருந்தார். பின்னர் போர் நடந்த காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணிபுரிந்து 1994 இல் மறைந்தார். இப்படிப்பட்ட அறிவு கண்டி நகரத்திலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. அந்த மரபில் படித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நமக்கு அறிவுப் பஞ்சம் இல்லை. அறிந்தவரின் சொல்லுக்கு வேலை நடக்கும் இடத்தில் அதிகாரம் இல்லை என்பதே நம் குறை.

அந்தச் சொல் எப்படித் தோற்கிறது என்பதை எங்கள் அலுவலகங்களில் அன்றாடம் பார்க்கலாம். மழை இல்லாத மாதங்களில் மண் வெட்ட வேண்டும் என்போம். அடிக்கல் நாட்டச் சுபநேரம் வேறொரு மாதத்தில் அமைந்திருக்கும், வங்கிக் கடனும் அப்போதுதான் கிடைத்திருக்கும். சரிவைப் படிபடியாக வெட்டச் சொல்வோம். படிக்குப் போகும் நிலம் வீணாகிறது என்று ஒரே செங்குத்தாக வெட்டுவார்கள். வெட்டிய மண்ணை அப்புறப்படுத்தச் சொல்வோம். லொறிக்கூலி அதிகம் என்று அதைக் கீழ்ப்பக்கம் கொட்டி, அந்த மேட்டின் மேலேயே வீட்டின் பாதியை ஏற்றுவார்கள். பாதி வீடு இறுகிய நிலத்திலும் பாதி வீடு கொட்டிய மண்ணிலும் நின்றால், சுவர் வெடிப்பதற்குக் கூடுதல் காரணம் எதுவும் தேவையில்லை. மூன்று தளத்துக்குக் கணக்கிட்ட தூண்களின் மேல், மகனுக்குக் கலியாணம் என்று நான்காவதையும், வாடகைக்கு என்று ஐந்தாவதையும் கட்டுவார்கள். எங்களிடம் திரும்பி வந்து கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

கொங்கிரீட் போடும் நாளை எடுத்துக்கொள்வோம். கண்டியின் குறுகிய ஒழுங்கைகள் பலவற்றில் ரெடிமிக்ஸ் லொறி ஏற முடியாது. சைட்டிலேயே கலக்க வேண்டும். கலவை இறுகிவிட்டால் வேலையாட்களுக்குத் தள்ளுவது கடினம். ஒரு வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்றினால் வேலை எளிதாகிவிடும், வலிமை குறைந்துவிடும். இதைத் தடுக்க அங்கே ஒருவர் நிற்க வேண்டும். கம்பிக்கும் பலகைக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா, தூணும் தளமும் சேரும் இடத்தில் வளையக் கம்பி நெருக்கமாக இருக்கிறதா என்று கொங்கிரீட் மூடுவதற்கு முன் பார்த்தாக வேண்டும், மூடிய பின் பார்க்க முடியாது. ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் கியூப்களை நசுக்கிப் பார்க்கும் சோதனை, பிழை நடந்துவிட்டதா என்று சொல்லும், நடக்காமல் தடுக்காது. ஆனால் தனியார் வீடுகளில் மேற்பார்வைக் கட்டணம் என்றவுடன், “அதைப் பாஸ் பார்த்துக்கொள்வார்” என்று முடித்துவிடுகிறார்கள். பாஸ் என்று நாங்கள் அழைக்கும் தலைமை மேசன்மாரின் கைத்திறனை நான் மிக மதிக்கிறேன். ஆனால் கட்டுகிறவரே தன் வேலையைத் தானே பரிசோதிக்கும் ஏற்பாட்டை எந்த நல்ல பாஸும் விரும்பமாட்டார். பிழை வந்தால் முதலில் மாட்டிக்கொள்வதும் அவரே.

உடன்படாத பொறியியலாளர் என்ன ஆகிறார்? அவரை யாரும் மிரட்டுவதில்லை, வேறொருவரிடம் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். குறைந்த கூலிக்கு ஒருவர் படம் வரைந்து கொடுப்பார், காணியைக் கண்ணால் பார்க்காத இன்னொருவர் கையெழுத்து வைப்பார். மறுத்தவரின் அலுவலகத்தில் அந்த மாதச் சம்பளம் இடிக்கும். அடுத்த முறை மறுப்பதற்கு முன் அவர் யோசிப்பார். தனி மனிதர்களின் நேர்மையை மட்டும் நம்பியிருக்கும் எந்த ஏற்பாடும் இப்படித்தான் மெல்ல மெல்ல அரிக்கப்படுகிறது.

2022 பொருளாதார நெருக்கடி இதை இன்னும் மோசமாக்கியது. ஆயிரம் ரூபாயளவில் இருந்த சீமெந்து மூடை இரண்டாயிரத்தைத் தாண்டியது. கம்பி விலை ஏறியது. அரசாங்க வேலைகள் பாதியில் நின்றன. ஒப்பந்தக்காரர்களுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை, உசாத்துணை நிறுவனங்களின் கட்டணமும் தேங்கியது. அனுபவமுள்ள பொறியியலாளர்களும் கியூஎஸ்களும் கட்டாருக்கும் துபாய்க்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சரிவைப் பார்த்தவுடன் ஆபத்தை உணரும் கண் பல வருடப் பழக்கத்தில் வருவது. அது ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும் இடம் இந்தச் சிறு அலுவலகங்களே. மூத்தவர் போய்விட்டால், பட்டம் பெற்ற இளைஞர் எவரிடம் கற்பார்?

மறுபுறம், கண்டிக்கு அருகிலேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985 இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தது பிரித்தானியாவின் சேர் அலெக்சாண்டர் கிப் அன்ட் பார்ட்னர்ஸ் என்ற உசாத்துணை நிறுவனம். மகாவலித் திட்ட காலத்தில், 1973 இல் தொடங்கப்பட்ட மத்திய பொறியியல் உசாத்துணைப் பணியகம் போன்ற நிறுவனங்களின் வழியே நம் பொறியியலாளர்களும் பெரும் வேலைகளில் தேர்ந்தார்கள். 2020 ஆகஸ்ட் 29 இரவு திகன, ஹாரகம பகுதிகளில் நில அதிர்வு உணரப்பட்டபோது, மக்கள் முதலில் கேட்டது அணை பற்றித்தான். அணை நின்றது. அத்தகைய கட்டுமானத்தில் வடிவமைப்பவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர், கட்டுவதை நாள்தோறும் கண்காணிப்பவர் மூன்றாமவர். கட்டி முடித்த பிறகும் கருவிகள் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. அணைக்கு இத்தனை கண்கள் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அதே மாவட்டத்தில், பலர் தலைக்கு மேல் நிற்கும் ஐந்து மாடிக்கு ஒற்றைக் கையெழுத்துப் போதும் என்பதை எப்படி ஏற்கிறோம்?

சிங்கப்பூர் இதைக் கசப்பான முறையில் கற்றது. 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வேர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தார்கள். அதன் கட்டமைப்பைத் தகுதிபெற்ற பொறியியலாளர் வடிவமைக்கவில்லை, ஒரு படவரைஞரே வடிவமைத்தார் என்றும், கட்டடத்தின் சொந்தச் சுமையே கணக்கில் சேரவில்லை என்றும் விசாரணையில் தெரியவந்தது. 1989 இல் வந்த சட்டம், ஒருவர் செய்த வடிவமைப்பை அவரோடு தொடர்பற்ற இன்னொரு பொறியியலாளர் சரிபார்க்க வேண்டும் என்றது. ஹொங்கொங்கில் 1972 ஜூன் 18 அன்று இரு இடங்களில் சரிவுகள் இறங்கி 138 பேர் மாண்டார்கள். 1976 இல் மீண்டும் ஒரு சரிவு. அடுத்த ஆண்டே சரிவுகளைக் கட்டுப்படுத்தத் தனி அரச அலுவலகம் அமைந்தது. தனியார் வெட்டும் சரிவுகளின் வடிவமைப்பையும் அது பரிசோதிக்கிறது. மனிதர் வெட்டிய ஒவ்வொரு பெரிய சரிவும் அங்கே பதிவேட்டில் இருக்கிறது, அதற்கென ஓர் எண்ணும் இருக்கிறது. இரண்டுமே இடநெருக்கடி மிகுந்த, நிலவிலை உயர்ந்த நகரங்கள். பாதுகாப்பு விதிகளால் அவை கட்டுவதை நிறுத்திவிடவில்லை.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு தேவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் முதல் எச்சரிக்கை, 100 என்றால் இரண்டாவது, 150 என்றால் வெளியேற வேண்டும் என்ற அளவுகோலையும் அந்த நிறுவனமே வகுத்துத் தந்திருக்கிறது. குறை, அறிக்கைக்கும் நடவடிக்கைக்கும் இடையே இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டில் 600 க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மிக அதிகமான உயிர்களை இழந்தது கண்டி மாவட்டம். அத்தகைய மழையை எந்தப் பொறியியலாளரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் வெட்டக்கூடாத இடத்தில் வெட்டிய சரிவும், நீர் வடிய வழியில்லாத தாங்குசுவரும், ஓடையை மறித்து நின்ற மதிலும் மழையின் வேலையை எளிதாக்குகின்றன.

இதில் மலையகத் தமிழரின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டும். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலை, ஹுன்னஸ்கிரிய எனக் கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்கிறவர்கள் தாங்கள் வாழும் இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கவில்லை. தேயிலைக்கு ஆகாத நிலத்தில் கம்பனிகள் லயன்களைக் கட்டின. இன்று சிறு காணித் துண்டில் புதிய வீடு கிடைக்கும்போது, அந்தத் துண்டு எங்கே அமைகிறது என்பது உயிர்ப்பிரச்சினை. அவர்கள் பணம் கொடுத்து ஓர் உசாத்துணை நிறுவனத்தை அமர்த்த முடியாது. அவர்கள் வசிக்கும் சரிவைப் பற்றிய அறிக்கைகளோ பெரும்பாலும் வேற்று மொழியில் எழுதப்பட்டு அலுவலக அலுமாரிகளில் இருக்கின்றன. தன் வீட்டுக்கு மேலுள்ள மலை பற்றி எழுதப்பட்டதைத் தன் மொழியில் படிக்கும் உரிமை அங்கு வாழும் ஒவ்வொரு தாய்க்கும் தகப்பனுக்கும் உண்டு.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. முதலாவது, சரிவில் மூன்று தளங்களுக்கு மேல் எழும் எந்தக் கட்டடத்துக்கும், வடிவமைத்தவரோடு தொடர்பில்லாத இன்னொரு பட்டயப் பொறியியலாளரின் சரிபார்ப்பைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவது, அத்திவாரம், ஒவ்வொரு தளம், தாங்குசுவர் என்று கட்டம் கட்டமாகப் பார்வையிட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் குடிபுகும் சான்றிதழோ நிரந்தர மின்னிணைப்போ வழங்கக்கூடாது. மூன்றாவது மிக முக்கியமானது. சரிபார்ப்பவருக்கான கட்டணத்தை வீட்டுக்காரர் நேரடியாகக் கொடுக்கக்கூடாது. மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ அதைக் கட்டட்டும், சபை முறைவைத்துப் பொறியியலாளரை நியமிக்கட்டும். மறுத்தால் வேலை போய்விடும் என்ற பயம் அங்கேதான் அறுபடும். ஒருவர் எழுத்தில் மறுத்த திட்டம் இன்னொருவரிடம் போகும்போது, முதல் மறுப்பும் கோப்போடு போக வேண்டும்.

காணி வியாபாரிகளுக்கும் பொறுப்பு உண்டு. ஒரு மலைச்சரிவைத் துண்டாடி விற்பதற்கு முன்பே மண் ஆய்வும் வடிகால் திட்டமும் முடிந்திருக்க வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துப் பத்துப் பேர்ச் வாங்கியவரிடம், “இங்கே கட்ட முடியாது” என்று சொல்லும் கொடுமையான வேலை பின்னால் வரும் பொறியியலாளருக்கு விழக்கூடாது.

இதனால் சாதாரண மக்களின் செலவு கூடும், கையூட்டுக்கு இன்னொரு மேசை முளைக்கும் என்பார்கள். இரண்டும் புறக்கணிக்க முடியாத கவலைகள். அதனால்தான் சிறிய வீடுகளுக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும். சரிவுக்கேற்ற மாதிரி வடிவமைப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் இலவசமாக வெளியிடலாம். பேராதனைப் பொறியியற் பீடத்தின் மாணவர்கள் ஆசிரியர்களின் வழிகாட்டலில் ஏழைக் குடும்பங்களின் காணிகளைப் பார்த்து ஆலோசனை சொல்ல ஒரு நிலையம் திறக்கலாம். அது மாணவர்களுக்கும் புத்தகம் தராத படிப்பு. கையூட்டைப் பொறுத்தவரை, மறுப்பும் அனுமதியும் எவரும் படிக்கக்கூடிய பொதுப்பதிவில் இருந்தால் மறைவில் பேரம் பேசுவது கடினமாகும். செலவு என்று வரும்போது, ஒரு மண் சோதனையின் விலையைச் சரிந்த வீட்டின் விலையோடு வைத்துத்தான் எடை போட வேண்டும்.

கண்டி மாநகர சபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும், நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையும், 1906 இல் தொடங்கிய மரபுக்கு வாரிசான இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் ஒரே மேசையில் அமர்ந்தால் இந்த விதிகளை எழுதிவிடலாம். டித்வாவுக்குப் பின் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் புதிய வீடு கட்டப்பட வேண்டியிருக்கிறது. விதிகள் அதற்கு முன் வர வேண்டும், அடுத்த இடிபாட்டுக்குப் பிறகு அல்ல. மலையில் வீடு கட்டும் ஒவ்வொருவரும் தன் பொறியியலாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: “நீங்கள் இந்தக் காணிக்கு நேரில் வந்து பார்த்தீர்களா? எதையாவது செய்ய வேண்டாம் என்று எனக்குச் சொல்ல விரும்புகிறீர்களா?” இரண்டாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறவரைக் காசு கொடுத்து அமர்த்துங்கள். அவரைக் காப்பாற்றும் சட்டத்தை அரசு இயற்றட்டும்.